இரத்தக் குழாய்களைக் காக்கும் நுண்தாதுக்கள்: உண்மை எது, விளம்பரம் எது?

சில மாதங்களுக்கு முன் உடல்நலமில்லாத ஒரு பெரியவரை நலம் விசாரிக்கப் போயிருந்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். தலைமாட்டில் வழக்கமாக இருக்கும் மாத்திரை டப்பாவைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சிறிய பாட்டில் இருந்தது. "எழுபதுக்கும் மேற்பட்ட கனிமங்கள் அடங்கியது" என்று அதன் மேல் எழுதியிருந்தது.

"மாத்திரையெல்லாம் கெமிக்கல் தம்பி. இது கனிமம், இயற்கை. தண்ணியில பத்து சொட்டு விட்டுக் குடிச்சா ரத்தக் குழாயைச் சுத்தம் பண்ணிடுமாம். மூணு மாசமா மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார். கதவோரம் நின்ற அவருடைய மனைவி, "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

நாம் மருத்துவர் அல்ல. ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்பதை அறிந்திருந்தோம். மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போகும்படி அவருடைய மகனிடம் சொல்லிவிட்டு வந்தோம். வீடு திரும்பிய பிறகும் ஒரு கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. கனிமங்கள் இரத்தக் குழாயைக் காக்கும் என்பது முழுப் பொய்யா?

படித்துப் பார்த்தபோது தெரிந்தது, அது முழுப் பொய் அல்ல, பாதி உண்மை. பாதி உண்மைக்குத்தான் மக்கள் எளிதில் ஏமாறுகிறார்கள். எனவே எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி வியாபாரம் என்பதைப் பிரித்துக் காட்ட இந்தக் கட்டுரையில் முயல்கிறோம்.

நுண்தாதுக்கள் என்றால் என்ன?

நம் உடலுக்குத் தேவையான தாதுப் பொருள்கள் இரு வகை. கால்சியம், பொட்டாசியம், சோடியம், மெக்னீசியம், பாஸ்பரஸ் போன்றவை அதிக அளவில் தேவைப்படுபவை. தாமிரம் (செம்பு), துத்தநாகம், செலினியம், மாங்கனீசு, அயோடின், இரும்பு போன்றவை மிகக் குறைந்த அளவில் தேவைப்படுபவை. நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கும் குறைவாகத் தேவைப்படும் தாதுக்களை நுண்தாதுக்கள் என்று வகைப்படுத்துகிறார்கள்.

எவ்வளவு குறைவு என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர்கள் வகுத்த அளவின்படி, வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான தாமிரம் 0.9 மில்லிகிராம். துத்தநாகம் ஆணுக்கு 11 மில்லிகிராம், பெண்ணுக்கு 8 மில்லிகிராம். செலினியம் 55 மைக்ரோகிராம் மட்டுமே. தூள் உப்பின் ஒரே ஒரு துகளின் எடை ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். ஒரு துகள் அளவு குறைந்தால் உடல் தடுமாறுகிறது. சில துகள்கள் கூடினாலும் தடுமாறுகிறது. இந்தக் கட்டுரையில் நாம் சொல்லப்போகும் எல்லாமே இந்த 'அளவு' என்ற ஒரு சொல்லைச் சுற்றித்தான் வரும்.

குழாயா, உயிருள்ள சுவரா?

இதயத்திலிருந்து இரத்தத்தை உடலெங்கும் கொண்டு செல்லும் குழாய்களைத் தமனிகள் என்கிறோம். வீட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் குழாயைப் போல இவற்றை நினைத்துக்கொள்வதால்தான் "அடைப்பைக் கரைக்கும் சொட்டு மருந்து" என்றதும் நம்பிவிடுகிறோம். தமனி உயிருள்ள திசு. அதன் சுவரில் மூன்று அடுக்குகள் உள்ளன.

இரத்தம் படும் உட்புறத்தில் ஒற்றைச் செல் கனத்தில் ஒரு மெல்லிய விரிப்பு இருக்கிறது. இரத்தம் வழுக்கிக்கொண்டு ஓடுவதும், குழாய் தேவைக்கேற்ப விரிவதும் சுருங்குவதும் இந்த விரிப்பின் பொறுப்பு. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துவது இதுதான். நடு அடுக்கில் தசையும், ரப்பரைப் போல இழுபட்டுச் சுருங்கும் எலாஸ்டின் என்ற புரத இழைகளும் உள்ளன. வெளி அடுக்கில் கயிற்றைப் போல உறுதியான கொலாஜன் இழைகள் இருக்கின்றன.

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பெரிய தமனிகள் ஒரு முறை விரிந்து சுருங்குகின்றன. இந்த வேலையைத் தாங்கும்படி சுவரை நெய்வதிலும், உள் விரிப்பைப் பாதுகாப்பதிலும் நுண்தாதுக்களுக்குப் பங்கு உண்டு. பாதி உண்மை என்று நாம் சொன்னதில் உண்மையான பாதி இதுதான்.

தாமிரம்: சுவரை நெய்யும் தாது

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் பாய்டு ஓடெல் என்ற ஆய்வாளரின் குழுவினர் கோழிக்குஞ்சுகளுக்குத் தாமிரம் குறைந்த தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். நன்றாக இருந்த குஞ்சுகள் திடீரென இறந்தன. அறுத்துப் பார்த்தபோது இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி வெடித்து உள்ளே இரத்தம் கொட்டியிருந்தது. அதே காலத்தில் யூட்டா பல்கலைக்கழகத்திலும் வேறு விலங்குகளிடம் இதே விளைவைக் கண்டார்கள். தமனிச் சுவரில் இழைகள் இருந்தன. ஆனால் அவை ஒன்றோடொன்று பிணைக்கப்படவில்லை.

காரணம் பிறகு தெரிந்தது. எலாஸ்டின் இழைகளையும் கொலாஜன் இழைகளையும் குறுக்கே தைத்து இணைக்கும் ஒரு நொதி உண்டு. லைசில் ஆக்சிடேஸ் என்று பெயர். தாமிரம் இல்லாமல் அந்த நொதி வேலை செய்யாது. நூல் இருக்கிறது, தையல்காரரும் இருக்கிறார். ஊசி மட்டும் இல்லை என்றால் என்ன ஆகும்? அந்த ஊசிதான் தாமிரம்.

மனிதர்களிடம் இதற்குச் சாட்சி ஒரு பரிதாபமான குழந்தை நோய். 1962இல் ஜான் மென்கிஸ் என்ற மருத்துவர் நியூயார்க்கில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து ஆண் குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிறக்கும்போது நன்றாக இருந்த குழந்தைகள் சில மாதங்களில் வளர்ச்சி குன்றி, வலிப்பு வந்து, சிறு வயதிலேயே இறந்தார்கள். அவர்களுடைய முடி மட்டும் விசித்திரமாக, கம்பியைப் போல முறுக்கிக்கொண்டு உடையக்கூடியதாக இருந்தது. ஏன் என்று பத்தாண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

விடை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மெல்பர்னில் டேவிட் டேங்க்ஸ் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய குழந்தைகளின் முடியைப் பார்த்ததும், அது தாமிரம் குறைந்த மண்ணில் மேயும் செம்மறி ஆடுகளின் ரோமத்தைப் போல இருப்பதைக் கவனித்தார். ஆட்டு ரோமத்தை நம்பி வாழும் நாட்டில் அந்த ரோமத்தின் குறையும் அதன் காரணமும் தெரிந்திருந்தன. குழந்தைகளின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது தாமிரம் மிகக் குறைவாக இருந்தது. 1972இல் இதை அவர் வெளியிட்டார். உண்ணும் தாமிரத்தைக் குடலிலிருந்து உடலுக்குள் கடத்த முடியாத மரபணுக் குறைதான் அந்த நோய். அக்குழந்தைகளின் தமனிகள் கொடியைப் போல நீண்டு வளைந்து நெளிந்திருக்கும். உள்ளே எலாஸ்டின் படலம் சிதைந்திருக்கும்.

இதில் நம் குடும்பங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. தமனிகளின் எலாஸ்டின் பெரும்பாலும் கருவில் இருக்கும்போதும் குழந்தைப் பருவத்திலுமே நெய்யப்படுகிறது. அதன் பிறகு உடல் புதிதாக நெய்வது மிகக் குறைவு. சிறுவயதில் நெய்த அந்தத் துணியைத்தான் எழுபது வயது வரை உடுத்துகிறோம். ஆகவே இரத்தக் குழாயின் பாதுகாப்பு ஐம்பது வயதில் தொடங்கும் விஷயமல்ல. கர்ப்பிணியின் தட்டிலும் பிள்ளைகளின் தட்டிலும் அது தொடங்குகிறது.

அதே நேரத்தில், சாதாரணமாகச் சாப்பிடும் மனிதருக்குத் தாமிரக் குறைபாடு அரிதாகவே வருகிறது. பருப்பு, கொண்டைக்கடலை, எள், முந்திரி, நண்டு, ஆட்டு ஈரல் ஆகியவற்றிலிருந்து தேவையான அளவு கிடைத்துவிடுகிறது. குறைபாடு வருவது பெரும்பாலும் இரு தரப்பினருக்கு: வயிறு அல்லது குடலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, துத்தநாக மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கு. இரண்டாவது தரப்பைப் பற்றி அடுத்துப் பார்ப்போம்.

துத்தநாகம்: காவலாளி, அளவு மீறினால் எதிரி

துத்தநாகம் மனிதருக்கு அவசியம் என்பதைக் கண்டறிந்ததில் பீகாரின் பக்ஸரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாதுக்குப் பெரும் பங்கு உண்டு. 1958இல் ஈரானின் ஷீராஸ் நகரில் பணியாற்றியபோது அவரிடம் 21 வயது இளைஞர் ஒருவரை அழைத்துவந்தார்கள். பார்ப்பதற்குப் பத்து வயதுச் சிறுவனைப் போல இருந்தார். கடும் இரத்தசோகை. அவருடைய உணவு பெரும்பாலும் புளிக்க வைக்காத கோதுமை ரொட்டி, இறைச்சி அபூர்வம், மண் தின்னும் பழக்கமும் இருந்தது. பிறகு எகிப்திலும் இதே போன்றவர்களை ஆராய்ந்து, துத்தநாகக் குறைபாடே வளர்ச்சிக் குறைவுக்குக் காரணம் என்பதை 1963இல் பிரசாதும் அவருடைய குழுவினரும் நிறுவினார்கள்.

ரொட்டி நிறையச் சாப்பிட்டும் குறைபாடு ஏன் வந்தது? தானியத்தின் தவிட்டில் பைட்டேட் என்ற பொருள் இருக்கிறது. அது துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குடல் உறிஞ்சாமல் தடுத்துவிடும். மாவைப் புளிக்க வைத்தாலோ, பயறை ஊறவைத்து முளைகட்டினாலோ பைட்டேட் குறைகிறது. இட்லி மாவையும் தோசை மாவையும் இரவெல்லாம் புளிக்க வைத்த நம் பாட்டிமார்கள் பைட்டேட் என்ற பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கான வழி அவர்கள் கையில் இருந்தது.

இரத்தக் குழாயில் துத்தநாகத்தின் வேலை என்ன? தமனியின் உள் விரிப்பில் செல்களுக்கு இடையே உள்ள பிணைப்பு உறுதியாக இருக்கத் துத்தநாகம் தேவை என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அடுத்து, 1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் ஒரு நொதியின் வேலையைக் கண்டறிந்தார்கள். சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்பது அதன் பெயர். செல்களுக்குள் உருவாகும் தீங்கான ஆக்சிஜன் துணுக்குகளை அடக்குவது அதன் பணி. அதன் ஒரு வகை தாமிரம், துத்தநாகம் இரண்டையும் தாங்கியது. தமனிச் சுவரில் இது நிறைய இருக்கிறது. அந்தத் துணுக்குகள் அடங்காவிட்டால் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை அவை அழித்துவிடும்.

ஒரே நொதியில் தாமிரமும் துத்தநாகமும் தோளோடு தோள் நிற்கின்றன. ஆனால் குடலுக்குள் நுழையும் இடத்தில் அவை போட்டியாளர்கள். துத்தநாகம் அளவுக்கு மீறிப் போனால், குடலின் செல்கள் ஒரு புரதத்தை அதிகமாகச் சுரக்கும். அந்தப் புரதம் தாமிரத்தைப் பிடித்துவைத்துக் கழிவோடு வெளியேற்றிவிடும். உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய்க்கு மருத்துவர்கள் துத்தநாகம் கொடுப்பது இந்த அடிப்படையில்தான். அந்த நோயாளிக்கு அது மருந்து. நோயில்லாதவர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அதிக அளவு எடுத்தால் இரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, கால் மரத்துப்போதல், நடை தடுமாற்றம் ஆகியவை வரலாம். நரம்புப் பாதிப்பு சில சமயம் முழுமையாகத் திரும்பாது.

அமெரிக்காவில் கண் நோய்க்காக 80 மில்லிகிராம் துத்தநாகம் கொடுத்துச் செய்யப்பட்ட பெரிய ஆய்வில், இந்த ஆபத்தைத் தெரிந்தே கூடவே 2 மில்லிகிராம் தாமிரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நம் ஊரில் கொரோனா காலத்தில் வாங்கத் தொடங்கிய துத்தநாக மாத்திரையை "எதிர்ப்பு சக்திக்கு நல்லது" என்று இன்னமும் தொடர்பவர்கள் இருக்கிறார்கள். உணவையும் சேர்த்து நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம் போகக் கூடாது என்பதே வயது வந்தோருக்கு வகுத்துள்ள உச்ச வரம்பு. உங்கள் அலமாரியில் உள்ள அட்டையை எடுத்து, அதில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசலுடன் 10 முதல் 14 நாள்கள் துத்தநாகம் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது குறுகிய காலச் சிகிச்சை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அதை நிறுத்த வேண்டாம்.

செலினியம்: நம்பிக்கை கொடுத்ததும் பாடம் கற்பித்ததும்

கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். துகள்கள் தமனிச் சுவருக்குள் புகுந்து, அங்கே ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போகும்போதுதான் அடைப்பு வளரத் தொடங்குகிறது. எண்ணெய் காறிப்போவதைப் போன்ற ஒரு மாற்றம் இது. அப்படிக் காறுவதைத் தடுக்கும் நொதிகளில் ஒன்று குளூட்டாதயோன் பெராக்சிடேஸ். அதன் மையத்தில் செலினியம் இருப்பதை 1973இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

மண்ணில் செலினியம் குறைந்தால் என்ன ஆகும் என்பதைச் சீனா கண்டது. 1935இல் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் கேஷான் வட்டத்தில் ஒரு இதய நோய் பரவியது. பிற்காலத்தில் குழந்தைகளையும் இளம் தாய்மார்களையுமே அது அதிகம் பலிகொண்டது. அந்தப் பகுதி மண்ணிலும் தானியத்திலும் செலினியம் மிகக் குறைவு. 1970களில் குழந்தைகளுக்குச் செலினிய உப்பு மாத்திரை கொடுத்தபோது நோய் வெகுவாகக் குறைந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது இதயத் தசையைத் தாக்கும் நோய், தமனி அடைப்பு அல்ல.

அடைப்புக்கும் செலினியத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்குப் பின்லாந்து நல்ல உதாரணம். அந்த நாட்டின் கிழக்குப் பகுதியில் மாரடைப்பு மிக அதிகம். மண்ணில் செலினியம் மிகக் குறைவு. இரத்தத்தில் செலினியம் குறைந்தவர்களுக்கு மாரடைப்பு மரணம் அதிகம் என்று 1982இல் ஓர் ஆய்வு வெளியானது. 1980களின் நடுவில் அந்நாட்டு அரசு உரத்திலேயே செலினியத்தைக் கலக்கத் தொடங்கியது. மக்கள் இரத்தத்தில் செலினியம் நன்றாக உயர்ந்தது. மாரடைப்பு மரணமும் குறைந்தது. ஆனால் அந்தக் குறைவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தது. 1972இல் வடக்கு கரேலியா பகுதியில் புகையை விடச் சொல்லி, வெண்ணெயைக் குறைக்கச் சொல்லி, இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லி ஒரு பெரிய மக்கள் இயக்கம் தொடங்கியிருந்தது. மரணம் குறைந்ததற்கு முதன்மைக் காரணம் கொழுப்பு, புகை, இரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் குறைந்ததே என்பது ஆய்வாளர்களின் முடிவு.

பிறகு மாத்திரையையே நேரடியாகச் சோதித்தார்கள். வட அமெரிக்காவில் 35,533 ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வில் நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம் கொடுக்கப்பட்டது. முதன்மையாக அது புற்றுநோய்த் தடுப்புக்கான ஆய்வு. இதய நோயையும் கணக்கெடுத்தார்கள். இரண்டிலும் பயன் தெரியவில்லை. அதே அளவு செலினியம் கொடுத்த வேறோர் ஆய்வில், எடுத்துக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகமாக வந்தது. சர்க்கரை நோய் இரத்தக் குழாய்க்கு எவ்வளவு கேடு என்பதை நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறை உள்ளவருக்கு நன்மை செய்யும் அதே தாது, குறை இல்லாதவருக்கு நன்மை செய்வதில்லை, தீமையும் செய்யலாம்.

மீன், முட்டை, கோழி, இறைச்சி ஆகியவற்றில் செலினியம் இருக்கிறது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 15 மைக்ரோகிராம். மத்தி, சூரை போன்ற மீன்கள் ஒரு வேளையிலேயே நாளின் தேவையில் பெரும்பகுதியைத் தந்துவிடும்.

சுருக்கமாக மற்றவை

செல்களின் சக்திக் கூடங்களைக் காக்கும் இன்னொரு வகை டிஸ்மியூட்டேஸுக்கு மாங்கனீசு தேவை. முழுத் தானியங்களிலும் பருப்பிலும், நாம் குடிக்கும் தேநீரிலும் கூட அது தாராளமாக இருக்கிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை.

அயோடின் குறைந்தால் தைராய்டு சுரப்பு குறையும்; தைராய்டு குறைந்தால் எல்.டி.எல். கொழுப்பு ஏறும். அயோடின் கலந்த உப்பு இதற்குப் போதும். ஆனால் அயோடின் வேண்டும் என்று உப்பை அள்ளிப் போடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும்.

குரோமியம் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் என்று விற்கிறார்கள். அது மனிதருக்கு அவசியமான தாது என்பதற்கே போதிய ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014இல் முடிவு செய்தது.

குழாயைக் கெடுக்கும் உலோகங்கள்

எல்லா உலோகமும் நட்பு அல்ல. காரீயம், காட்மியம், ஆர்சனிக் ஆகிய மூன்றும் மிகச் சிறிய அளவிலேயே தமனிகளைக் கெடுப்பவை. இவை மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. காரீயம் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். எலும்பில் பல்லாண்டுகள் தங்கும். காட்மியம் உடலுக்குள் போகும் முக்கிய வழிகளில் ஒன்று சிகரெட், பீடிப் புகை. 'எழுபது கனிமம்' என்று பெருமையாக எழுதிய பாட்டிலைப் பார்த்தால் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உடலுக்கு அவசியமான நுண்தாதுக்கள் பத்துக்குச் சற்று முன்பின்தான், மீதி அறுபது எவை, அவை எதற்கு?

நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய ஒன்று சுர்மா. சில சுர்மாக்கள் காரீயக் கல்லிலிருந்தே அரைக்கப்படுகின்றன. குழந்தை கண்ணைக் கசக்கி விரலை வாயில் வைக்கும்போது காரீயம் உள்ளே போகிறது. காரீயம் இல்லை என்று உறுதியாகத் தெரியாத சுர்மாவைக் குழந்தைகளுக்கு இடாமல் இருப்பதே நல்லது.

அடிக்கடி கேட்கப்படும் இரண்டு

செப்புக் குடத்தில் வைத்த தண்ணீர் நல்லதா? குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை தாமிரம் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சுத்தமாகத் துலக்கிய குடத்தில் வெறும் தண்ணீரை வைத்துக் குடிப்பவர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அது அடைப்பைத் தடுக்கும் மருந்து அல்ல. எலுமிச்சைச் சாறு, மோர், புளிக்கரைசல் ஆகியவற்றைச் செம்பிலும் ஈயம் பூசாத பித்தளையிலும் வைக்கக் கூடாது. புளிப்பு தாமிரத்தை அரித்துக் கலக்கிவிடும். வயிற்றுவலியும் வாந்தியும் வரும். வில்சன் நோய் உள்ளவர்கள் செப்புப் பாத்திரத்தையே தவிர்க்க வேண்டும்.

இமயமலை இளஞ்சிவப்பு உப்பில் கனிமங்கள் அதிகமாமே? அதில் ஏறத்தாழ 98 சதவீதம் சாதாரண உப்புதான். மீதியில் உள்ள கனிமத்தால் உடலுக்குப் பயன் கிடைக்க வேண்டுமானால், இரத்த அழுத்தம் எகிறும் அளவுக்கு உப்பைத் தின்ன வேண்டும். அயோடின் கலக்காததாக இருந்தால் அந்த நன்மையும் போய்விடும்.

சமையலறையில் செய்ய வேண்டியவை

நுண்தாதுக்களுக்காகத் தனிச் சமையல் வேண்டாம். வழக்கமான சமையலில் சில பழக்கங்கள் போதும்.

கொண்டைக்கடலை, பயறு, மொச்சையை ஊறவைத்து, முடிந்தால் முளைகட்டிச் சமைக்கலாம். மாலையில் வடை, சமோசாவுக்குப் பதில் வாரத்தில் நான்கு நாள் சுண்டல் என்று மாற்றினாலே தாமிரமும் துத்தநாகமும் கூடும், பொரித்த எண்ணெய் குறையும். கஞ்சியில் பாசிப்பருப்பையும் வெந்தயத்தையும் குறைக்காமல் போடலாம்.

வாரத்தில் இரண்டு முறை மீன், குழம்பாகவோ அவியலாகவோ. பொரித்தால் மீனின் நன்மையோடு எண்ணெயின் கேடும் சேர்ந்தே வரும்.

இறைச்சியில் துத்தநாகம் நிறைய உண்டு, உண்மைதான். ஆனால் அதைக் காரணம் காட்டிக் கொழுப்போடு பிரியாணியை இரண்டு தட்டு சாப்பிடுவது நியாயமல்ல. கொழுப்பை நீக்கிய சிறு அளவு இறைச்சியே தேவையைத் தந்துவிடும். ஈரலில் தாமிரம் மிக அதிகம்; எப்போதாவது ஒரு முறை போதும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகமாக இருப்பதால் கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் அடிக்கடி சாப்பிடக் கூடாது.

ஒரு பிடி முந்திரி, நிலக்கடலை, ஒரு எள்ளுருண்டை ஆகியவை பிள்ளைகளின் பள்ளிப் பையில் பிஸ்கட் பொட்டலத்தின் இடத்தைப் பிடிக்கட்டும்.

யார் மருத்துவரிடம் கேட்க வேண்டும்?

குடலில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், நீண்ட நாள் வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், சிறுநீரக நோயாளிகள், மாதக்கணக்கில் துத்தநாகமோ செலினியமோ எடுப்பவர்கள், காரணம் தெரியாத இரத்தசோகையோடு கால் மரத்துப்போகிறவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எந்தக் கனிம மாத்திரை எடுத்தாலும் அதன் அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். "அது சத்து மாத்திரைதானே" என்று மறைக்க வேண்டாம்.

நினைவில் வைக்க வேண்டியது

நுண்தாதுக்கள் தமனியின் சுவரை நெய்கின்றன, அதன் உள் விரிப்பைக் காக்கின்றன, கொழுப்பு காறிப்போகாமல் தடுக்கின்றன. இவை உணவின் வழியாக, சிறுவயது முதல், அளவோடு வரும்போது செய்யும் வேலைகள். ஏற்கெனவே வளர்ந்துவிட்ட அடைப்பை எந்தக் கனிமச் சொட்டும் கரைப்பதில்லை. புகையிலையை விடுவது, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைப்பது, தினமும் நடப்பது, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுவது ஆகியவற்றின் இடத்தை எந்தத் தாதுவும் பிடிக்க முடியாது.

அந்தப் பெரியவர் இப்போது மாத்திரைகளைத் திரும்பவும் சாப்பிடுகிறார். அண்மையில் போனபோது அவருடைய மனைவி கொண்டைக்கடலைச் சுண்டல் கொண்டுவந்து வைத்தார். "இதுல உங்க கனிமமெல்லாம் இருக்காம், சாப்பிடுங்க" என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தார். தலைமாட்டில் மாத்திரை டப்பா பழைய இடத்தில் இருந்தது.

உங்கள் வீட்டில் பெற்றோரோ மாமனாரோ இப்படி ஏதேனும் பாட்டிலை நம்பி மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்களா என்று இன்றே கேளுங்கள். பலர் தாமாகச் சொல்வதில்லை. கேட்டால்தான் தெரியும்.